டெங்கிலிலிருந்து தெரியும் கடல்

டெங்கிலில் கடல் என்று பேச்செடுத்தால் மோரிப்புக்கும் பாகான் லாலாங்குக்கும் வழி சொல்வார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் குளிக்க அழைத்துப்போகிற இடங்கள் அவை. ஊருக்கும் அலைக்கும் நடுவே இருபது, முப்பது கிலோமீட்டருக்குச் செம்பனையும் தொழிற்பேட்டைகளும் கிடக்கின்றன. கடல்மட்டம் உயர்கிறது என்ற செய்தி இங்கே யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. தூக்கத்தைக் கெடுப்பது லங்காட் ஆறு.

உலு லங்காட் மலைகளில் பிறந்து காஜாங், பாங்கி வழியாக இறங்கி, புத்ராஜெயா, சைபர்ஜெயா வடிகால்களையும் வாங்கிக்கொண்டு டெங்கிலைத் தொட்டுப் போகிறது அந்த ஆறு. அதற்குக் கீழே பந்திங் தாழ்நிலத்தில் வளைந்து நெளிந்து, கேரித்தீவின் இரு பக்கமாகவும் பிரிந்து, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பெருமழை நாளில் டெங்கிலில் அது தே தாரிக் நிறத்தில், மரக்கிளையும் நெகிழிப் போத்தலுமாக வேகமெடுத்து ஓடும். ஊர் முழுக்க மேலே என்ன மழை பெய்தது என்றுதான் விசாரிக்கும். கீழே கடலில் என்ன நேரம், பெருக்கா வற்றா என்று கேட்பவர் அரிது. உள்ளூர் அரசியலும் அப்படித்தான் இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் அரசியல்வாதிகள் கடல் உயர்வதை மறுப்பவர்கள் அல்லர். சிலாங்கூர் சட்டமன்றத்தில் பருவநிலை மாற்றம் பேசப்படுகிறது; அமைச்சுகளின் பெயர்ப்பலகையில்கூட அந்தச் சொல் சில காலம் இருந்தது. ஆனால் அவர்களிடம் கடல் எப்போதும் வேறு பெயரில்தான் வந்து சேர்கிறது: வடிகால் அடைப்பு, பம்ப் கோளாறு, கரை உடைப்பு, நிவாரண மையம். பெயர் மாறி வரும் பிரச்சினைக்குத் தீர்வும் மாறித்தான் போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தாழ்நிலங்களில் இருபது ஆண்டுகளாக நடப்பது இதுவே என்பது என் எண்ணம்.

கதவு திறந்திருக்கும் நேரம்

கிள்ளான், கோல லங்காட், செப்பாங் கடலோரங்களில் மனிதர் கட்டிய மண்கரை ஓடுகிறது. கரைக்கு உள்ளே கம்போங், தோட்டம், தாமான். வெளியே அலையாத்திக் காடும் சேறும் கடலும். கரையில் ஆங்காங்கே மதகுகள். அவற்றில் பலவற்றின் வேலை மிக எளிமையானது. மேலே கீல் வைத்த கனத்த கதவு ஒன்று தொங்கும். அதை இயக்க ஆள் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கடல் வற்றும்போது உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். கடல் பெருகும்போது உப்புநீர் வெளியிலிருந்து அழுத்திக் கதவைச் சாத்திவிடும். நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் இருக்கும்.

இந்தக் கதவின் முன் நின்று யோசித்தால் விஷயம் பிடிபடும். கடல்மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் உடனே கரைக்கு மேல் தண்ணீர் வழிந்துவிடாது. அதற்கு வெகுகாலம் முன்பே கதவு திறந்திருக்கும் நேரம் சுருங்கும். நேற்றுவரை ஐந்து மணி நேரம் வடிந்த இடத்தில் நாலரை மணி நேரம்தான் வடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை அதே மழைதான், கால்வாயும் அதே கால்வாய்தான், ஆனால் மீதித் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. அடுத்த பெருக்கு வந்து கதவைச் சாத்திவிடுகிறது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீரோடு நிற்பவர் நகராண்மைக் கழகம் சாக்கடையைத் தூர்வாரவில்லை என்றுதான் புகார் எழுதுவார். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையமும் அந்தப் புகாரை அப்படியே வாங்கி, மண் வாரும் இயந்திரத்தை அனுப்பும். அதில் பொய் எதுவும் இல்லை. கால்வாயில் குப்பை இருக்கத்தான் செய்யும். ஆனால் சுருங்கிய அரை மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

உலக அளவில் 2006 முதல் 2018 வரை கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது என்பது ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டு அரசுகளின் பருவநிலைக் குழுவின் கணக்கு. நம் நாட்டின் தேசிய நீர் ஆராய்ச்சிக் கழகமான நஹ்ரிம், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் தீபகற்பக் கரையோரம் சுமார் 0.7 மீட்டர் உயர்வு இருக்கும் என்று கணித்திருக்கிறது. தினமும் சில மீட்டர் ஏறி இறங்கும் கடலைப் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மீனவருக்கும் கவுன்சிலருக்கும் 3.7 மில்லிமீட்டர் கண்ணில் படாது. 2100 என்ற ஆண்டு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் எங்கும் பொருந்தாது. இதில் தனி மனிதர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிவியல் தன் எண்களை அரசியல் தொட்டுணரும் அளவுக்குக் கீழே இறக்கித் தரவில்லை என்பதே உண்மை. மதகு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ். மாதாமாதம் ஊருக்கு ஊர் எழுதி ஒட்டினால், அதை எந்தக் கவுன்சிலராலும் புரிந்துகொள்ள முடியும். எந்த இல்லத்தரசியாலும் கேள்வி கேட்க முடியும்.

2021 டிசம்பர், பௌர்ணமி

ஸ்ரீ மூடாவை யாரும் மறந்திருக்க முடியாது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றின் வளைவில் தாழ்வாக அமைந்த குடியிருப்பு. அங்கே தண்ணீர் முதல் மாடியை எட்டிப் பிடித்தது. கூரைமேல் ஏறி நின்றவர்களை அண்டை வீட்டாரும் முன்பின் தெரியாத தன்னார்வலர்களும் படகு கொண்டுவந்து மீட்டார்கள். லங்காட் ஆற்றோரமும் தப்பவில்லை. உலு லங்காட் தொடங்கிக் கீழே செப்பாங், கோல லங்காட் வரை ஊர்கள் மூழ்கின. அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட். அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூருடையது.

டிசம்பர் 19 பௌர்ணமி. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் கடலை நெருங்கிய அதே நாள்களில் கடலும் பெருக்கின் உச்சத்தில் இருந்தது. இந்தச் சேர்க்கை அப்போதைய விவாதங்களில் ஓரமாக வந்து போனது. பம்புகள் ஏன் போதவில்லை, எச்சரிக்கை ஏன் தாமதமானது, ராணுவம் எங்கே போனது என்ற கேள்விகள் முன்னால் நின்றன. நியாயமான கேள்விகள்தாம். மாநில அரசு பந்துவான் சிலாங்கூர் பங்கிட் திட்டத்தில் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட்டும், உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 10,000 ரிங்கிட்டும் தந்தது. மத்திய அரசும் தன் பங்குக்கு 1,000 ரிங்கிட் கருணைத் தொகை தந்தது. மெத்தையும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் போன வீட்டுக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

பிறகு பெருந்திட்டங்கள் வந்தன. 2022 டிசம்பரில், பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே பிரதமர் அன்வார் இப்ராஹிம், நேரடிப் பேச்சில் கொடுக்கப்பட்ட சுமார் 700 கோடி ரிங்கிட் வெள்ளத் தடுப்புத் திட்டங்களை நிறுத்தி, மறுபடி டெண்டர் விடச் சொன்னார். லங்காட் ஆற்றுத் திட்டத்தின் இரண்டாம் கட்டமும், ஸ்ரீ மூடாவுக்கான ராசாவ் ஆற்றுத் தேக்கக் குளத் திட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தவை. பொதுப்பணத்தைக் காக்க எடுத்த முடிவு சரியானது. அதற்குப் பிறகு இந்தத் திட்டங்களைப் பற்றிய பேச்சு குத்தகை யாருக்கு, விலை என்ன, எப்போது முடியும் என்பதிலேயே சுற்றியது. எந்தக் கடல்மட்டத்தை வைத்து வடிவமைக்கிறீர்கள், 2020இன் கடலா, 2060இன் கடலா என்ற கேள்வியை ஒரு தொகுதிக் கூட்டத்தில்கூட யாரும் எழுப்பி என் காதில் விழுந்ததில்லை.

கடலோரத்தில் கரை உடைவதும் இதே போக்கில்தான் கையாளப்படுகிறது. காப்பார் கம்போங் தோக் மூடாவில் கடல் பெருக்குக் காலத்தில் கரை உடைந்து வீடுகளுக்குள் உப்புநீர் புகுவது திரும்பத் திரும்ப நடக்கிறது. கரை உடைந்ததும் ஆட்சிக்குழு உறுப்பினர் வந்து பார்வையிடுவார், ஜே.பி.எஸ். அவசரமாக மண்மூட்டை அடுக்கும், பிறகு நிரந்தரக் கரைக்கு ஒதுக்கீடு அறிவிக்கப்படும். கடல் பெருக்கு நிலநடுக்கம்போல் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. கடற்படையின் தேசிய நீரியல் வரைபட மையம் புலாவ் இண்டாவில்தான் இருக்கிறது. வரும் ஆண்டு முழுவதற்குமான பெருக்கு நேரமும் உயரமும் அட்டவணையாக முன்கூட்டியே கிடைக்கின்றன. 5.5 மீட்டரைத் தாண்டும் நாள்கள் எவை என்று சனவரி மாதமே சொல்லிவிடலாம். ஆபத்தின் தேதி தெரிந்த பிறகும் நம் அரசியல் உடைப்புக்குப் பிந்தைய அரசியலாகவே இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யாரிடம் கேட்பது?

கடல்மட்ட உயர்வு பற்றி உள்ளூர் அரசியல்வாதியிடம் கேட்க வேண்டும் என்றால், முதலில் உள்ளூர் அரசியல்வாதி யார் என்று தெரிய வேண்டும். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டது. 1976இன் ஊராட்சிச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. செப்பாங், கோல லங்காட் நகராண்மைக் கழகங்களிலும், 2024 பிப்ரவரியில் மாநகர் அந்தஸ்து பெற்ற கிள்ளானிலும் கவுன்சிலர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். ஒரு கவுன்சிலில் அதிகபட்சம் 24 பேர். ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேல் போகாது. தெருவிளக்கு முதல் கட்டட அனுமதிவரை தொடும் மனிதருக்கு வாக்காளர் என்று யாரும் இல்லை. நியமித்த கட்சிதான் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் மாறிப்போகிறவர் முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் தண்ணீரைப் பற்றிக் கட்சித் தலைமையோடு மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

அவருக்கு மேலே சட்டமன்ற உறுப்பினர். டெங்கில் தொகுதி 2013இல் தேசிய முன்னணியிடம் இருந்தது. 2018இல் பக்காத்தான் ஹராப்பானிடம் போனது. 2023இல் பெரிக்காத்தான் நேஷனலுக்கு மாறியது. மூன்று தேர்தல், மூன்று கூட்டணி. எந்தப் பிரசாரத்திலும் யாரும் கடலை முன்வைத்து இங்கே வாக்குக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் தொகுதி ஒதுக்கீடே இழுபறி. ஆளுங்கட்சி உறுப்பினர் என்றால் அந்த ஒதுக்கீடு சாலை, சூராவ், கோயில், பள்ளி, வெள்ள நிவாரணம் என்று கரைந்துவிடும்.

நம்மவர்கள் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். கடல் மிக அருகில் தொடும் தொகுதிகளில் இந்திய வம்சாவளிப் பிரதிநிதிகள் நீண்டகாலமாக இருந்துவருகிறார்கள். காப்பாரில் 2008 முதல் 2018 வரை மாணிக்கவாசகம், மணிவண்ணன். கிள்ளானில் 2008 முதல் 2022 வரை சார்ல்ஸ் சந்தியாகோ. தண்ணீர் உரிமைக்காகப் பல்லாண்டு குரல் கொடுத்த சார்ல்ஸ் பிறகு தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் தலைவரானார். இன்றைய கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் கணபதிராவ், 2021 வெள்ளத்தின்போது ஸ்ரீ மூடா அடங்கிய கோத்தா கெமுனிங்கின் சட்டமன்ற உறுப்பினராகவும் மாநில ஆட்சிக்குழுவிலும் இருந்தவர். லங்காட் ஆற்றின் கீழ்முனையான பந்திங்கை 2023 முதல் பாப்பாராய்டு பிரதிநிதிக்கிறார். அவரும் ஆட்சிக்குழுவில் இருக்கிறார். ஆற்று வெள்ளம், கடல் பெருக்கு, தோட்ட மக்களின் வீட்டுச் சிக்கல் மூன்றையும் நேரில் கண்டவர்கள் இவர்கள். மூன்றும் ஒரே கயிற்றின் இழைகள் என்று சொல்ல இவர்களைவிடத் தகுதியானவர் யார்?

அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிலம் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் கையில். நிலவரியும், விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது கட்டும் பிரீமியமும் மாநிலக் கருவூலத்துக்கு முக்கிய வருவாய். ஆனால் ஆற்றுக் கரை, கடற்கரைத் தடுப்பு போன்ற பெருஞ்செலவுகளுக்குப் பணம் பெரும்பாலும் புத்ராஜெயாவிலிருந்து வர வேண்டும். தாழ்நிலத்தை மேடாக்கி வீடு கட்ட அனுமதி தந்தால் வருமானம் ஓரிடத்தில் சேர்கிறது. அந்த வீடுகளைக் கடலிலிருந்து காக்கும் செலவு வேறோரிடத்தில் விழுகிறது. நனைந்த மெத்தையை வெயிலில் போடுவது வீட்டுக்காரர். இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை எந்தக் கட்சி வந்தாலும் தாழ்நிலத்தில் அனுமதி நிற்காது. மனம் மாறினால் மட்டும் போதாது, கணக்கும் மாற வேண்டும்.

தாழும் நிலம்

டெங்கிலுக்குப் பக்கத்தில் பாயா இண்டா என்ற ஈரநிலம் இருக்கிறது. பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் சேர்ந்து உருவானது. அதை ஒட்டிய தாழ்நிலமெல்லாம் ஒருகாலத்தில் கரிச்சதுப்புக் காடு. கரிச்சதுப்பு என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் நீரில் ஊறிக் கிடந்த மர, இலைக் குவியல். மண்ணைவிட அதில் தண்ணீர்தான் அதிகம். கால்வாய் வெட்டி அதை வடித்தால் அது சுருங்கும், காற்றுப்பட்டு மக்கும், நிலம் இறங்கும். வடித்த முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதமும் இறங்கிக்கொண்டே போகும். கடல் ஏறுவது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். அதாவது இந்த இடங்களில் கடல் நம்மை நோக்கி வருவதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் நாம் கடலை நோக்கி இறங்குகிறோம். கோடையில் கிள்ளான் ஜோஹான் செத்தியாவில் பற்றி எரிந்து புகைவதும் இதே உலர்ந்த கரிச்சதுப்புதான். புகைக்கு ஒரு துறை, வெள்ளத்துக்கு ஒரு துறை, கடலுக்கு ஒரு துறை என்று பிரித்துவைத்திருக்கிறோம். காலடியில் இருப்பது ஒரே மண்.

இந்த மண்ணில்தான் அண்மைக் காலத்தின் முக்கியமான உள்ளூர் அரசியல் போராட்டம் நடந்தது. 1927இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் மீதமிருந்தது ஆயிரம் ஹெக்டருக்கும் குறைவு. 2020 பிப்ரவரியில் அதில் ஏறக்குறைய முழுவதையும், சுமார் 931 ஹெக்டரை, காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிக் கலப்பு மேம்பாட்டுக்குக் கொடுக்கும் நோட்டீஸ் பத்திரிகையில் வந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தெமுவான் பூர்வகுடி மக்கள் எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் சேர்ந்தன. 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களே எதிர்த்துப் பேசினார்கள். அப்படியிருந்தும் 2021 ஆகஸ்டு 30 அன்று காட்டில் பாதிக்கு மேல், 536.7 ஹெக்டர், மே மாதமே நீக்கப்பட்டுவிட்டது என்று சட்டமன்றத்தில் தெரியவந்தது. எதிர்ப்பு வெடித்தது. செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி பெசார் அமிருடின் ஷாரி முடிவை ரத்து செய்து, நிலம் மறுபடியும் காப்பகமாகும் என்று அறிவித்தார்.

ஒன்பது நாளில் ஓர் அரசாங்கம் தன் முடிவைத் திருப்பியது. அந்தப் போராட்டத்தில் பேசப்பட்டவை காடு, புலம்பெயரும் பறவை, பூர்வகுடி உரிமை, கார்பன் ஆகியவை. பந்திங்கிலும் டெங்கிலிலும் தண்ணீர் எங்கே நிற்கும் என்ற பேச்சு குறைவாகவே எழுந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதைத்தான். மழையைத் தன்னுள் நிறுத்திவைத்து மெல்ல விடும் ஈரநிலம் கடலோரச் சமவெளியின் முதல் தடுப்பு. அது போனால் கரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கும். அந்த 45,000 பேர் தாங்கள் அறியாமலேயே கடல்மட்ட உயர்வு பற்றிய மாநிலத்தின் மிகப் பெரிய மனுவில் கையெழுத்திட்டார்கள் என்றே சொல்வேன்.

இடம் மாறச் சொல்லும் காலம்

கரையை எல்லா இடத்திலும் உயர்த்திக்கொண்டே போக முடியாது. ஒருநாள் சில ஊர்களைப் பார்த்து, நகர்ந்து போங்கள் என்று அரசு சொல்ல வேண்டிவரும். கடற்கரைத் திட்டமிடலில் இது உலகெங்கும் பேசப்படும் வழி. கேரித்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதியும் கரை கட்டிக் கடலைத் தள்ளிவைத்துச் செம்பனை போட்ட தீவு. அங்கே மேற்கு, கிழக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன, மா மெரி பூர்வகுடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. 2017 முதல் அங்கே பெரிய துறைமுகம் கட்டும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. தீவைப் பற்றி அரசியல் பேசும்போதெல்லாம் முதலீட்டுத் தொகைதான் முன்னால் வருகிறது. கரையின் இன்றைய உயரம் என்ன, யார் பராமரிக்கிறார்கள், தோட்ட நிறுவனம் ஒருநாள் செம்பனை லாபமில்லை என்று விலகினால் கரை யார் பொறுப்பு என்பதற்கு இப்போதே விடை வேண்டும். தோட்டம் மூடும்போது தோட்ட மக்கள் என்ன ஆவார்கள் என்பது நமக்குப் புதிய கதை அல்ல.

அந்தக் கதைக்குச் சாட்சி டெங்கிலிலேயே குடியிருக்கிறது. புத்ராஜெயா எழும்பிய இடத்தில் பிராங் பெசார், மெடிங்லி, செட்ஜ்லி, காலோவே என்ற தோட்டங்கள் இருந்தன. 1990களில் அங்கிருந்த பால்மரத் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்காக இடம் விட்டவர்கள் அவர்கள். வந்த இடத்தில் சுவரில் விரிசல் கண்டது. தரைவீடு என்ற வாக்குறுதி கால் நூற்றாண்டைத் தாண்டி இழுத்தது. எத்தனை மனுக்கள், எத்தனை மந்திரி சந்திப்புகள், எத்தனை தேர்தல் மேடைகள்! தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் அந்த அடுக்குமாடியில் வளர்ந்து, கட்டிக்கொடுக்கப்பட்டு, தம் பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள்.

கடல் காரணமாக ஊரை மாற்றுவதாக நாளை ஓர் அரசியல்வாதி வந்து சொன்னால், கேரித்தீவிலோ காப்பாரிலோ இருக்கும் நம் மக்கள் முதலில் தாமான் பெர்மாத்தாவைத்தான் நினைப்பார்கள். நம்பிக்கையைக் கட்டாமல் கரையை மட்டும் கட்டினால் போதாது என்று நான் சொல்வது அதனால்தான். எழுத்தில் ஒப்பந்தம், கட்டி முடித்த வீடு, கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம், வேலைக்குப் போகப் பேருந்து. இவை அத்தனையும் தயாரான பிறகே மாற்றம் என்று சட்டத்தில் எழுத வேண்டும். தேசியப் பருவநிலை மாற்றச் சட்ட மசோதா பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அதைப் பற்றிய விவாதத்தில் கார்பன் வணிகம் தொழில்துறைக்குப் பெரிதாக இருக்கலாம். எனக்கு, இடம்பெயரும் குடும்பத்தின் உரிமை அதில் ஓர் அத்தியாயமாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

மற்ற ஊர்களில் எப்படி? ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். 2019 தேசிய தின உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், கடலிலிருந்து தீவைக் காக்க நூறு ஆண்டுகளில் 10,000 கோடி சிங்கப்பூர் வெள்ளி தேவைப்படலாம் என்று மக்களிடம் நேராகச் சொன்னார். ஒரே கட்சி நீண்டகாலம் ஆளும் நகர அரசு, நிலமும் பணமும் ஒரே கையில் என்பதால் அது அவருக்குச் சுலபம். அமெரிக்காவின் வட கரோலைனாவில் நேர்மாறு நடந்தது. மாநிலத்தின் அறிவியல் குழு நூற்றாண்டு இறுதிக்குள் ஒரு மீட்டர் உயர்வு என்று சொன்னதும், நிலமதிப்பு விழும் என்று கடலோர மாவட்ட அரசியல்வாதிகளும் வணிகர்களும் கொதித்தார்கள். 2012இல் அந்தக் கணிப்பை விதிகளுக்கு அடிப்படையாக வைக்கவிடாமல் சட்டமே போட்டார்கள். பிறகு 2015இல் அந்தக் குழு முப்பது ஆண்டுக்கு மட்டும் கணிப்பை வெளியிட்டது. அந்த முப்பது ஆண்டு என்ற அளவு நமக்குப் பயன்படும். மலேசியாவில் வீட்டுக் கடன் 35 ஆண்டுவரை போகிறது. இன்று கோத்தா கெமுனிங்கிலோ பந்திங்கிலோ டெங்கிலிலோ கடன் வாங்கும் இளம் தம்பதி 2060 வாக்கில்தான் கட்டி முடிப்பார்கள். 2100 பற்றிக் கேட்டால் அரசியல்வாதி பெருமூச்சு விடுவார். இந்தக் கடன் முடியும்வரை இந்த வீட்டு வாசலில் தண்ணீர் வராது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு நெருக்கமாகப் படும் உதாரணம் கேரளத்தின் செல்லானம். கொச்சிக்குத் தெற்கே உள்ள அந்த மீனவ ஊராட்சியில் ஆண்டுதோறும் கடல் வீட்டுக்குள் புகுந்தது. போராடிப் பார்த்த மக்கள் 2020 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் கட்சிகளை ஓரங்கட்டி, செல்லானம் ட்வென்டி20 என்ற தங்கள் சொந்த அணியை நிறுத்தினார்கள். பெரிய கட்சிகளை மீறி வார்டுகளைப் பிடித்தார்கள். மாநில அரசு 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் கடல்சுவர்த் திட்டத்தை அறிவித்தது. முதல் கட்டமாக 7 கிலோமீட்டருக்கும் மேல் எழுந்தது. அந்தச் சுவர் எட்டாத பகுதி மக்கள் இன்னும் போராடுகிறார்கள், எனவே அதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வார்டு உறுப்பினரை வாக்கால் மாற்ற முடிந்தது. காப்பாரிலும் டெங்கிலிலும் அந்தக் கதவு 1965 முதல் மூடிக் கிடக்கிறது. ஊராட்சித் தேர்தலை மீட்க வேண்டும் என்பவர்கள் குப்பை, வாகன நிறுத்தம் பற்றிப் பேசுகிறார்கள். கடலையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதுவரை கையில் இருக்கும் வழி ஒன்று உண்டு: எழுத்தில் ஆட்சேபம். கோல லங்காட் காட்டில் அது வேலை செய்தது. 1976இன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஒவ்வொரு நகராண்மைக் கழகமும் தன் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலத்தில் வீடு வரும், எது ஈரநிலமாகவே இருக்கும், எங்கே தேக்கக் குளம் வரும் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் நிறம் நிறமாகத் தெரியும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும்; ஆட்சேபித்தவர் கேட்டால் விசாரணைக் குழு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். செப்பாங் கழகத்தின் வரைவு அடுத்து காட்சிக்கு வரும்போது டெங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் தாமான் பெர்மாத்தா குடியிருப்பாளர்களும் அந்த வரைபடத்தின் முன் போய் நிற்க வேண்டும். லங்காட் ஆற்றோரத்து நிலம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த ஆண்டின் கடல்மட்டத்தை வைத்து இந்த நிறம் தீட்டப்பட்டது என்று எழுத்தில் கேட்க வேண்டும். மலாயில் ஒரு பக்கம் போதும்; பெயர், முகவரி, காரணம் மூன்றும் இருக்க வேண்டும், கடைசி நாளுக்கு முன் திட்டமிடல் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.